யாரிடம் கடன்படுவது: செஞ்சிச் சீமையில் வீடும் கல்யாணமும்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்தைச் சுற்றி வருபவர்கள் கண்ணில் தவறாமல் படும் கட்டடங்கள் இரண்டு. ஒன்று நெற்களஞ்சியம். மற்றொன்று கல்யாண மகால். சதுர முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காக உயரும் கோபுரம். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையிட்டு, 1698 தொடக்கத்தில்தான் இந்தக் கோட்டையைப் பிடித்தார். அத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததில் மலைக்கும் மதிலுக்கும் இருந்த பங்கு, சேர்த்து வைத்த தானியத்துக்கும் இருந்திருக்க வேண்டும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. ஆண்டவர்கள் சேர்த்ததற்கும் செலவழித்ததற்கும் இப்படிக் கல்லிலேயே சாட்சி நிற்கிறது. மதிலுக்கு வெளியே ஏரிப் பாசனத்தையும் மானாவாரிக் கொல்லையையும் நம்பி வாழ்ந்த குடியானவரும், கூலிக்காரரும், ஆடு மேய்த்தவரும் ஒரு வீட்டுக்கும் ஒரு கல்யாணத்துக்கும் எப்படிப் பணம் சேர்த்தார்கள் என்பதற்கு மட்டும் கட்டடம் எதுவும் இல்லை. கல்வெட்டு, அரசாங்க அறிக்கை, வாரச்சந்தை, சீட்டுக் கணக்கு, மொய் நோட்டு என்று சிதறிக் கிடக்கும் சான்றுகளைக் கூட்டித்தான் அந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

அந்த வேலையில் முதலில் எதிரே நிற்பது ஒரு பழைய தீர்ப்பு: இந்தியக் குடியானவனுக்குச் சேமிக்கத் தெரியாது, கையில் இருப்பதையும் இல்லாததையும் கல்யாணத்தில் கரைத்துவிட்டுக் காலமெல்லாம் வட்டி கட்டுவான் என்பது. வெள்ளைக்காரக் கலெக்டர்கள் 19ஆம் நூற்றாண்டு முழுக்க இதைச் சொன்னார்கள். இன்றும் சிக்கனம் பற்றிப் பேசும் மேடைகளில் கேட்கலாம். ஆனால் அந்த அரசாங்கமே அமைத்த விசாரணைக் குழு ஒன்று இதை ஏற்கவில்லை. 1875இல் புனா, அகமத்நகர் பக்கம் குடியானவர்கள் வட்டிக்காரர்களின் கடன் பத்திரங்களைக் கொளுத்தியதை விசாரித்த தக்காணக் கலவரக் குழு, கல்யாணச் செலவுக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தரப்பட்டிருக்கிறது என்றும், கடனுக்கு அது மூலகாரணமாக இருப்பது அபூர்வம் என்றும் எழுதியது. மழை, விலை, குறித்த நாளில் ரொக்கமாகக் கேட்ட நிலவரிக் கிஸ்தி ஆகியவைதான் கடனை வளர்த்தன. சென்னை மாகாணத்தில் ஃபிரெடரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் தந்த இரண்டு பெரிய அறிக்கைகளும் ஊர்க் கடனைப் பற்றியவைதான். மாகாணத்தின் கிராமக் கடன் சுமார் 45 கோடி ரூபாய் என்று கணக்கிட்ட அவர், அதே ஊர்களில் ஜனங்கள் தாங்களே கூடிப் பணம் சேர்க்கும் நிதிகளையும் விரிவாக விவரித்தார். சேமிக்கத் தெரியாதவர்கள் நிதி நடத்த மாட்டார்கள்.

என் வாதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடன் வாங்காமல் வீடு கட்டி, கடன் வாங்காமல் கல்யாணம் செய்ய வேண்டும் என்று இன்று நாம் சொல்லும்போது, யாருக்கும் ஒரு காசு தர வேண்டாத நிலையைத்தான் மனத்தில் வைத்துப் பேசுகிறோம். செஞ்சிச் சீமையின் பழைய ஏற்பாடுகளைப் பார்த்தால், அப்படி ஒரு நிலையை யாரும் தேடியதாகவே தெரியவில்லை. யாரிடம் கடன்படலாம், யாரிடம் கடன்படவே கூடாது என்ற கோடு ஒன்று இருந்தது. சம நிலையில் இருப்பவர்களிடம் பட்ட கடன் கடனாகவே எண்ணப்படவில்லை. நிலக்காரரிடமும் வட்டிக்காரரிடமும் பட்ட கடன் ஆளையே விழுங்கியது. இங்கே சேமிப்பு என்று நடந்ததெல்லாம் இரண்டாவது கடனிலிருந்து தப்பிக்க முதல் கடனைப் பின்னி வைத்த வேலைதான்.

கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டது புதிதல்ல. பல்லவர் செப்பேடுகள் வரிப் பட்டியலில் ‘கண்ணாலக் காணம்’ என்று ஒன்றைச் சொல்கின்றன. கல்யாணத்துக்குக் கட்ட வேண்டிய காசு அது. ஆக, தாலி கட்டுவதற்கு முன்பே அரசுக்கு ஒரு தொகை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. செஞ்சிக்கு வடமேற்கே இருந்த படைவீட்டு ராஜ்யத்தைப் பற்றிய விரிஞ்சிபுரம் கல்வெட்டு இதைவிடச் சுவையானது. விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் காலத்தில், சக ஆண்டு 1347இல், அதாவது 1425 வாக்கில், கன்னடியர், தமிழர், தெலுங்கர் உட்பட அந்த ராஜ்யத்துப் பிராமணர்கள் எல்லாரும் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். இனிமேல் பெண்ணைக் கன்னிகாதானமாகவே தர வேண்டும். பொன் வாங்கிப் பெண் கொடுப்பவனும் பொன் கொடுத்துப் பெண் எடுப்பவனும் அரச தண்டனைக்கு உள்ளாவார்கள், சாதியிலிருந்தும் விலக்கப்படுவார்கள் என்பது அதன் சாரம். தடை போட வேண்டியிருந்தது என்றால் வழக்கம் பரவலாக இருந்தது என்றுதான் பொருள். கவனிக்க வேண்டியது, அந்தப் பொன் போன திசை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போயிருக்கிறது.

அந்தத் திசை வட மாவட்டங்களின் உழைக்கும் சாதிகளிடையே வெகுகாலம் மாறவில்லை. பரிசம் போடுவது மாப்பிள்ளை வீட்டார் வேலை. புடவையும் நகையும் ரொக்கமும் அவர்கள் கொண்டுபோவார்கள். பெண்ணை அழைத்து வந்து தங்கள் வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணத்தை நடத்துவதும் அவர்களே. அக்கா மகள், மாமன் மகள் என்று உறவுக்குள்ளேயே கட்டும் வழக்கம் இருந்ததால் இந்த வீட்டிலிருந்து போனது அடுத்த தலைமுறையில் இந்த வீட்டுக்கே திரும்பும் வாய்ப்பும் இருந்தது. செலவு இருந்தது, ஆனால் அதன் பெரும்பகுதி சொந்தக் களத்து நெல், சொந்தபந்தத்தின் உழைப்பு, கொட்டிலில் இருந்த ஆடு. ரொக்கமாகத் தேவைப்பட்டது புடவைக்கும் தாலிக்கும் இன்னும் சிலவற்றுக்கும்தான்.

அந்தச் சிறிய ரொக்கமே நிலமில்லாதவனைக் கட்டிப்போடப் போதுமாக இருந்தது. தென்னார்க்காட்டின் படியாள் முறை அப்படித்தான் உயிர்வாழ்ந்தது. பையனுக்குக் கல்யாணம் என்று நிலக்காரரிடம் கொஞ்சம் பணம் வாங்குவான் தகப்பன். அது தீரும் வரை பையன் அவர் நிலத்தில் படியளக்கும் கூலிக்கு உழைக்க வேண்டும். அந்தக் கூலியில் சாப்பாடு ஓடும், அசல் அடையாது. அடையாத அசல் அடுத்த தலைமுறைக்கும் இறங்கும். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு ஆய்வு செய்து 1918இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்ற கிராமங்களில் ஒன்று, விழுப்புரத்துக்குத் தெற்கே உள்ள இருவேல்பட்டு. பிறகு பல தலைமுறை ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போய், படியாள் கட்டு எப்படித் தளர்ந்தது என்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். சட்டத்துக்குப் பிறகும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு போகிற இருளர்களின் கதை செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக்குப் புதிதல்ல. அந்த முன்பணத்துக்கும் பல நேரம் காரணம் ஒரு கல்யாணம் அல்லது ஒரு வைத்தியச் செலவு. ஊர் வீடுகளுக்கெல்லாம் கல் அறுக்கிறவர்கள் சொந்தமாக நாலு சுவர் இல்லாமல் சூளை ஓரத்துக் குடிசையில் இருப்பதைப் பற்றிச் சிக்கன உபதேசக்காரர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது.

இப்போது எதிர்வாதம் எழும்: கல்யாணக் கடன்தான் படியாளை உண்டாக்கியது என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்படியானால் பழைய கலெக்டர்கள் சொன்னது சரிதானே? பாதி சரி. கல்யாணம் கடனுக்கான நேரத்தைக் குறித்தது; கடனின் கொடுமையை அது உண்டாக்கவில்லை. அதே அளவு பரிசப் பணத்தைக் கொஞ்சம் நிலமோ பத்து ஆடோ உள்ளவன் புரட்டிவிட்டு அடுத்த அறுப்பில் மறந்தும் போனான். இல்லாதவன் கடன் கேட்கக்கூடிய ஒரே வாசல் அவனுக்கு வேலை தருபவரின் வாசல். கொடுத்தவரே கூலியையும் நிர்ணயித்ததால் கடன் அடையவில்லை. ஆடம்பரம் என்று சொல்வதற்கு அங்கே என்ன இருந்தது?

பத்து ஆடு என்று சும்மா சொல்லவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளை விடுவது வழக்கம்; அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதுவார்கள். கிழடும் செத்ததும் கழிந்தாலும் குட்டிகள் ஈடுகட்டிவிடும், முதல் குறையாது, நெய் மட்டும் வந்துகொண்டிருக்கும் என்ற கணக்கு. வட்டி தரும் முதலீடு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. செஞ்சிக் கோட்டையை முதலில் எழுப்பியதாக மரபுக்கதை சொல்லும் ஆனந்தக் கோனும் ஆட்டிடையர் குலத்தவர். மலையில் புதையல் கிடைத்து அவர் கோட்டை கட்டினார் என்பது கதை. புதையல் கிடைக்காத மற்ற கோனார்களும், கோனார் அல்லாதவர்களும், ஆட்டையே நம்பினார்கள். சொந்தமாக வாங்க முடியாதவர் வாரத்துக்கு வாங்கி வளர்ப்பார்; ஈன்ற குட்டியில் பாதி வளர்த்தவருக்கு, பாதி உடையவருக்கு. நாலைந்து ஆண்டில் கையில் ஒரு சிறு பட்டி சேர்ந்துவிடும். செஞ்சியில் வெள்ளிக்கிழமை வாரச்சந்தை இன்றும் ஆட்டுக்குப் பெயர் போனது. பொங்கல், பக்ரீத், தீபாவளி நெருங்கும்போது விடியும் முன்பே வியாபாரிகளின் வண்டிகள் வந்து நிற்கும். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் அந்தச் சந்தையில் ஆட்டை விற்றுவிட்டுப் போகிற பெண்கள் எத்தனையோ பேருக்கு அது வங்கியில் பணம் எடுக்கும் நாள்.

ஆட்டுக்கு அடுத்தது நகை. தமிழ்ப் பெண்களின் தங்க ஆசையைப் பற்றி எழுதித் தீர்த்தவர்கள், நகை எதற்காக இருந்தது என்பதை 1930களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தென்னார்க்காட்டின் மானாவாரி நிலங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே மணிலா எனப்படும் நிலக்கடலை, இந்தப் பக்கத்தார் பேச்சில் மல்லாட்டை, வேகமாகப் பரவியது. புதுச்சேரித் துறைமுகம் வழியாக அது மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் போனது. கேழ்வரகும் கம்பும் விளைந்த கொல்லைகளுக்கு முதல் முறையாகக் கணிசமான ரொக்கம் வந்தது. மார்கழிக்குள் மல்லாட்டை பிடுங்கி விற்றால் தையில் பரிசம் போடலாம். அந்த ரொக்கத்தின் ஒரு பங்கு நகையாயிற்று. 1929க்குப் பிறகு உலக மந்தத்தில் மல்லாட்டை விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கடனும் கிஸ்தியும் மட்டும் விழவில்லை. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க நாணயமுறையைக் கைவிட்டதும் தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. இந்தியாவெங்கும் ஊர்ப்புறத்து நகைகள் உருகிக் கப்பலேறின. அந்த ஏற்றுமதியை அன்றைய அரசாங்கம் தேசத்தின் செழிப்புக்கு அடையாளம் என்றே பேசியது. கழுத்திலிருந்து கழற்றியவர்களுக்கு அது நிலத்தைக் காப்பாற்ற இருந்த கடைசி வழி. மாகாண வங்கி விசாரணைக் குழு 1930இல் சென்னை மாகாணக் கிராமக் கடனை 150 கோடி என்று மதிப்பிட்டிருந்தது. ராஜாஜி அரசு 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து பழைய வட்டி பாக்கிகளைத் தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. அந்தப் பத்தாண்டில் நிலம் தப்பிய குடும்பங்கள் பலவற்றில் தப்ப வைத்தது கல்யாணத்தில் போட்ட நகைதான். வீண்செலவு என்று கணக்கெழுதப்பட்டது சேமிப்பாகத் திரும்பி வந்தது.

ஆடும் நகையும் தனித்தனிக் குடும்பத்தின் காரியம். சீட்டும் மொய்யும் கூட்டத்தின் காரியம்; என் வாதத்துக்கு அவையே முக்கியம். சீட்டு எப்படி நடக்கும் என்று தெரியாதவர் இந்தப் பக்கம் குறைவு. இருபது பேர், மாதம் ஆயிரம், இருபது மாதம். முதல் மாதச் சீட்டு நடத்துகிறவருக்கு. அடுத்த மாதத்திலிருந்து ஏலம். நடத்துகிற அம்மா வீட்டுத் திண்ணையில் பணம் கட்ட வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, யாருக்கு அவசரமோ அவர் தள்ளிக் கேட்பார்: நாலாயிரம், ஐயாயிரம், ஆறாயிரம். ஆறாயிரம் தள்ளுவதாக ஒருவர் சொல்லி, மூன்று தரம் கூவி, எதிர்க்குரல் எழவில்லை என்றால் அவர் கையில் பதினாலாயிரம். தள்ளிய ஆறாயிரத்தை இருபது பேருக்கும் பிரித்தால் தலைக்கு முந்நூறு. அந்த மாதம் ஒவ்வொருவரும் எழுநூறு கட்டினால் போதும். கடைசி வரை பொறுத்தவருக்கு இருபதாயிரமும் முழுதாக வரும், கட்டியது அதைவிடக் குறைவாக இருக்கும். முகூர்த்த மாதங்களில் தள்ளு ஏறும், ஆடி மார்கழியில் இறங்கும். ஊரில் எத்தனை கல்யாணம் வரப்போகிறது என்பதைச் சோசியரை விடச் சீட்டு நடத்துகிறவர் முன்கூட்டி அறிவார்.

இந்தச் சீட்டுக்குப் படித்தவர்கள் தந்த பெரிய வடிவம் நிதி. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872இல் தொடங்கியது. மாதம் ஒரு ரூபாய் வீதம் ஏழு ஆண்டு கட்டி முதிர்வில் மொத்தமாக வாங்கும் வகை நிதிகள் மாகாணத்தில் பெருகின. இங்கிலாந்தில் வீடு கட்டுவதற்காகத் தொழிலாளர்கள் கூடித் தொடங்கிய சங்கங்களும் இதே தத்துவத்தில்தான் நடந்தன: இருபது பேர் மாதாமாதம் போடுவதை ஒவ்வொரு மாதமும் ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டால், தனித்தனியே சேர்க்கும்போது கடைசி மாதத்தில்தான் கைக்கு வரும் தொகை, சராசரியாகப் பாதிக் காலத்தில் வந்துவிடுகிறது. 1904 கூட்டுறவுச் சட்டம் வந்து, அதே ஆண்டில் திரூரில் மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் பதிவானபோது அரசாங்கம் ஜெர்மனியின் ரைஃபைசன் கடன் சங்க முறையைக் கொண்டுவந்ததாகப் பெருமைப்பட்டது. திண்ணைச் சீட்டை அது கண்டுகொள்ளவில்லை. சங்கத்தில் உறுப்பினராக நிலம் உள்ளவர் பெயர் வேண்டும், ஊர்ப் பெரியதனக்காரர் தயவு வேண்டும். சீட்டில் சேர மாதாமாதம் கட்டுவார் என்ற நம்பிக்கை போதும்.

சீட்டும் கடன்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டாம் மாதம் பதினாலாயிரம் எடுத்தவர் மீதிப் பதினெட்டு மாதம் கடனாளி; அவர் தள்ளிய ஆறாயிரம் வட்டியைத் தவிர வேறில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது மலிவான வட்டியும் இல்லை. ஆனால் அந்த வட்டி யாரிடம் போயிற்று என்று பாருங்கள். கூடியிருந்த பத்தொன்பது பேருக்கும் அவருக்குமாகப் பிரிந்து போயிற்று. அடுத்த முறை வேறொருவர் தள்ளும்போது அவருக்கும் திரும்பி வரும். தவறினால் அவர் இழப்பது தெருவில் முகம். நிலத்தையோ பையனின் உழைப்பையோ அல்ல. இரண்டாவது ஆட்சேபம் கனமானது: நடத்துகிறவர் ஓடிவிட்டால்? ஓடியிருக்கிறார்கள். சென்னை மாநிலத்தின் 1961 சீட்டு நிதிச் சட்டமும், நாடு முழுமைக்குமான 1982 சட்டமும் வந்ததே அதனால்தான். நடத்துகிறவரின் கமிஷனுக்கு 5 சதவீதம் என்று இருந்த வரம்பு 2019 திருத்தத்தில் 7 ஆனது. தெருவில் ஒருவரையொருவர் தெரிந்த இருபது பேர் என்ற அளவைத் தாண்டி, பட்டாசும் தங்கக்காசும் பாத்திரமும் தருவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கானோரிடம் வசூலிக்கும் தீபாவளிச் சீட்டுகள் வட மாவட்டங்களில் கவிழ்ந்தபோது, பழி சீட்டின் மேல் விழுந்தது. அவற்றில் ஏலமும் இல்லை, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிந்ததும் இல்லை. சீட்டு என்று பெயர் மட்டும் இருந்தது.

மொய்யில் இந்தக் கணக்கு இன்னும் வெளிப்படை. மண்டப வாசலில் ஒரு மேஜை. ஒருவர் பணத்தை எண்ணிப் பையில் போடுவார், மற்றவர் நீள நோட்டில் எழுதுவார். பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் தாய்மாமன் பெயர். பிறகு ஊர், தகப்பன் பெயர், தொகை. கல்யாணம் முடிந்த வாரமே அந்த நோட்டு பெட்டிக்குப் போய்விடும். வேறொரு வீட்டுப் பத்திரிகை வரும்போது வெளியே வரும். அவர் ஐந்நூறு எழுதியிருந்தால் நாம் ஐந்நூறுக்குக் குறையாமல், முடிந்தால் கூட்டி எழுத வேண்டும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் ஆடி மாதம் தனியாக மொய் விருந்தே வைத்து லட்சக்கணக்கில் வசூலிப்பார்கள். வட மாவட்டங்களில் அந்த அளவுக்கு இல்லை, கல்யாணத்தோடும் காதுகுத்தோடும் நின்றுவிடுகிறது. மொய்யைப் பரிசு என்று அழகுபடுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது கடன், வட்டியில்லாத, தவணை தேதியில்லாத, நோட்டில் ஏறிய கடன். அழைப்பு வந்தும் போகாமல் இருந்தவரைப் பற்றி ஊர் பேசும் பேச்சே அதற்கு வசூல்காரர். ஆனாலும் இருபது ஆண்டுகளாகப் பல வீடுகளில் சிறுகச் சிறுக எழுதியதெல்லாம் சரியாகத் தேவைப்படும் நாளில் மொத்தமாகத் திரும்புகிறது. எந்த வங்கியும் ஒரு கல்யாணத் தேதியை முதிர்வுத் தேதியாக ஏற்றுக்கொண்டதில்லை.

வீட்டின் கதை வேறு. இந்தப் பக்கத்தில் வீட்டுக்காகச் சேமிப்பது என்பதே அண்மைக் காலத்தது. செஞ்சியிலிருந்து அதிக தூரமில்லாத மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்வித்தேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமை பேசுகிறான். குடியானவன் அப்படி எழுதி வைக்கவில்லையே தவிர, அவன் வீட்டிலும் பனை மரத்தைத் தவிர மற்ற மூன்றும் அநேகமாக இல்லை. ஏரி மண்ணைக் குழைத்துச் சுவர், பனஞ்சட்டம், மேலே பனையோலை அல்லது வைக்கோல் அல்லது விழல். பங்காளிகளும் சம்பந்திகளும் சில நாள் கைகொடுத்தால் சுவர் எழும்பிவிடும். கூலி இல்லை, சாப்பாடுதான். அடுத்தவர் சுவர் வைக்கும்போது நாமும் போக வேண்டும், மொய்யைப் போலவே. அது அழகான வாழ்க்கை என்று சொல்ல வரவில்லை. கோடையில் ஒரு பொறி விழுந்தால் ஒரு தெருவே எரிந்த செய்திகள் இல்லாத ஆண்டு இருந்ததில்லை. எரிந்ததில் சேர்த்து வைத்த நெல்லும் புடவையும் பத்திரமும் போகும். ஆண்டு தவறாமல் கூரை மாற்றுவதும் செலவே. ஆனால் ஒரே நேரத்தில் பெருந்தொகையை ரொக்கமாக அந்த வீடு கேட்கவில்லை. காரை வீடு கேட்டது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்ற பழமொழி எல்லாருக்கும் பொருந்தத் தொடங்கியது சிமெண்டு வந்த பிறகுதான் என்பது என் கணிப்பு. அதற்கு முன் அதன் முதல் பாதி மச்சு வீட்டுக்காரர்களின் கவலையாக மட்டுமே இருந்திருக்கும்.

வீடு சிமெண்டுக்கு மாறிய அதே தலைமுறையில்தான் கல்யாணப் பணம் போன திசையும் திரும்பியது. பரிசம் மெலிந்து வரதட்சணை தடித்தது. 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தபோது அது மேல்சாதிக்காரர்கள் பிரச்சினையாகப் பேசப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் வன்னியர், ஆதிதிராவிடர் குடும்பங்களிலும் பவுன் கணக்கும் வண்டி கணக்கும் சாதாரணமாயின. உறவுக்குள் கட்டுவது குறைந்தது, மாப்பிள்ளைக்கு நகரத்து வேலையும் மாதச் சம்பளமும் வந்தன, பெண் வீட்டின் நகை அந்தச் சம்பளத்துக்கான விலையாயிற்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்த ஆய்வாளர்கள் விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 2010 முதல் திரும்பத் திரும்பச் செய்த குடும்ப ஆய்வுகள், கடன் இங்கே எப்படி அன்றாட வாழ்க்கையின் மூச்சாகிவிட்டது, அதைச் சமாளிக்கும் சுமை எப்படிப் பெண்கள் தோளில் ஏறியது என்பதைக் காட்டுகின்றன. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் அடுத்து விரிந்த மாவட்டங்களில் தென்னார்க்காடும் ஒன்று. முதலில் சேமி, பிறகு உள்ளுக்குள் சுற்றுக்கு விடு என்ற அதன் முறை சீட்டின் தங்கைதான். பின்னால் வந்த தனியார் நுண்கடன் நிறுவனங்கள் குழுவை மட்டும் எடுத்துக்கொண்டன, சேமிப்பை விட்டுவிட்டன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வட்டி ஊரை விட்டு வெளியே போகும். வெளியாருக்கான கடனை வசூலிக்கும் வேலையைச் சமமானவர்களே ஒருவர் மேல் ஒருவர் செய்யும்படி ஆனது. நான் முன்னே சொன்ன கோடு அழிந்தது இந்த இடத்தில்தான்.

அரசு இரண்டு செலவிலும் கை வைத்திருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம் 1989இல் 5,000 ரூபாயில் தொடங்கி, 2011க்குப் பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. பெண் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் அதன் உயிர். 2022இல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றானது. கல்யாணத்துக்குத் தரும் பணம் கல்யாணச் சந்தையின் விலையைத்தான் ஏற்றும் என்பது சரியான கவலை என்றே நினைக்கிறேன். வீட்டுக்கு 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இல் பசுமை வீடு, 2024 முதல் கலைஞர் கனவு இல்லம். கடைசித் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம். கூரை வீடுகள் செஞ்சி வட்டாரத்திலும் வேகமாகக் குறைந்தன, தீயும் குறைந்தது. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஒரு விவரத்தைத் தவிர: பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். கடைக்கால் எழும்பியதை அதிகாரி வந்து பார்த்த பிறகு ஒரு பில், சுவர் உயர்ந்த பிறகு ஒரு பில், கூரைத் தளம் போட்ட பிறகு ஒரு பில். பில் வருவதற்கு முன் கம்பிக்கும் ஜல்லிக்கும் சித்தாள் கூலிக்கும் கைப்பணம் இருக்க வேண்டும். அது உள்ளவர் கட்டுகிறார். இல்லாதவர் அந்த நாற்பது ஐம்பது நாள் இடைவெளிக்காக மகளுக்கென்று வைத்திருந்த நகையைக் கூட்டுறவு வங்கியிலோ, கடைத்தெரு அடகுக்கடையிலோ வைக்கிறார், அல்லது அந்த மாதச் சீட்டைத் தள்ளி எடுக்கிறார். அரசு அந்த முதல் பில்லை மட்டும் வேலைக்கு முன்னதாகத் தந்துவிட்டால், வட்டிக்காரரிடம் போகும் ஒரு நடை மிச்சமாகும். திட்டத்தின் மொத்தச் செலவில் ஒரு ரூபாய்கூட அதிகமாகாது.